அப்பாராவுக்கு ஒரு டிபன் கேரியர்

ஹப்சிகுடாவில் எங்கள் எதிர்வீட்டு ரமாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. சாயங்காலம் வீடு திரும்பியதும் மற்றவர்கள் சீரியல் பார்ப்பார்கள். இவள் மடிக்கணினியைத் திறந்து எருமைக்குக் கொம்பு வைப்பாள்.

குழந்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திச் சேர்க்கும் பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கின்றனவே, அவற்றைத் திரையிலேயே அடுக்கிப் பார்க்க இலவச மென்பொருள் உண்டு. அதில் ரமா கார்ட்டூன் பாத்திரங்களாகச் செய்து தள்ளினாள். கண்ணாடி போட்ட கோழி, தொப்பை விழுந்த பல்லி, எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவரைப் போலவே முறைக்கும் தவளை. ஆனால் அவள் செல்லம் அப்பாராவ்தான். இரண்டு காலில் நிற்கும் எருமை. கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் ஆபீஸ் பை, எங்கள் ஊர் ஐ.டி. பேட்டையான கச்சிபௌலிக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிற அவசரம். பூசணிக்காய்த் தலை, முருங்கைக்காய்க் கால்.

இத்தனை செய்தவள் நிஜக் கட்டை ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. இது எனக்கும் அவள் கணவர் உமாசங்கருக்கும் மட்டும்தான் தெரியும்.

"ஒரு டப்பா வாங்கித் தொலையேன்" என்று நான் எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன்.

"எந்த வயசுக் குழந்தைக்குன்னு கடைக்காரன் கேப்பான் பத்மஜா. எனக்குத்தான்னு எப்படிச் சொல்றது? நக்கோ, வேண்டாம், விடு" என்பாள்.

இணையத்தில் அப்பாராவைப் பார்த்துவிட்டு ஸ்ரீகாந்த் ஒருநாள் கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை. இந்தக் கட்டைப் பைத்தியம் பிடித்தவர்களுக்கென்று இங்கே ஒரு குழு வைத்திருக்கிறார். கச்சிபௌலியில் ஓர் அடுக்குமாடியின் கிளப் ஹவுஸில் கண்காட்சியாம்.

"ஃபைலை மட்டும் அனுப்புங்க மேடம். கட்டையெல்லாம் மெம்பருங்ககிட்ட இரவல் வாங்கி நாங்களே கட்டி வெச்சர்றோங்க."

ரமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே பயமும் வந்தது. அங்கே இருப்பவர்களெல்லாம் சின்ன வயதிலிருந்து கட்டையோடு வளர்ந்தவர்கள். தொட்டுக்கூடப் பார்க்காதவள் என்று தெரிந்தால் மதிப்பார்களா என்று வழி முழுக்கப் புலம்பினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பாராவ் மேஜைமேல் குப்புறக் கிடந்தார். ஸ்ரீகாந்த் தூக்கி நிறுத்தினார். மறுபடி விழுந்ததில் ஒரு கொம்பு கழன்று ஓடியது.

"தலை கனம் தாங்கலீங்க மேடம். ஸ்கிரீன்ல எல்லாமே நிக்கும், அதுக்குக் கனம் தெரியாதுங்களே. கதவு திறக்கறதுக்குள்ள நிக்கலீன்னா எடுத்தர்றதுதான் நல்லதுங்க."

"தூங்கற எருமைன்னு எழுதி வைங்களேன்!" என்றேன் நான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ரமாவின் முகம் செத்துவிட்டது.

ஆனாலும் அவள் அப்பாராவைத் தூக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தலைக்கு ஈடாகப் பின்னால் கனம் வைக்க, முதுகுப் பையின் மூடியைத் திறக்கப் பார்த்தாள். வரவில்லை. நகத்தால் நெம்பினாள். கடைசியில் பல்லால் கடித்து இழுத்தாள்.

"ஐயோ, பல்லு வேண்டாங்க!" என்று ஸ்ரீகாந்த் ஓடிவந்தார். அவர் கையில் தட்டையாக ஒரு சின்ன நெம்புகோல். "இதுக்குன்னு இது இருக்குதுங்களே. நீங்க இதுக்கு முன்னால..."

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தொட்டதே இல்லை. இன்னைக்குத்தான் முதல் தடவை" என்றாள் ரமா, கொஞ்சம் சத்தமாகவே.

யாரும் சிரிக்கவில்லை. ஸ்ரீகாந்த் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இப்படிப் பிடிங்கக்கா" என்று நெம்புகோலைக் கையில் கொடுத்தார். மேடம் அக்காவானது அப்போதுதான்.

மூடி திறந்தது. பை காலி. திரையில் உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று ரமா வெற்றாக விட்டிருந்தாள்.

"காலிப் பையோட யாராவது ஆபீசுக்குப் போவாங்களா? மத்தியானம் இவன் என்ன சாப்பிடுவான்?" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஸ்ரீகாந்த் தன் சொந்தப் பெட்டியைத் திறந்து நீட்டினார். கெட்டியான கட்டைகளாகப் பொறுக்கி, நான்கு அடுக்கு டிபன் கேரியர் ஒன்றைச் செய்து பைக்குள் வைத்தாள். கொம்பையும் மாட்டினாள்.

அப்பாராவ் நின்றார். ஸ்ரீகாந்த் மேஜையை ஆட்டிப் பார்த்தார். அப்போதும் நின்றார். கதவு திறப்பதற்கு முன்பே நான் கை தட்டிவிட்டேன்.

அன்றைக்குக் கூட்டம் முழுக்க அந்த மேஜையில்தான். கேரியரில் என்ன இருக்கிறது என்று ஒரு சிறுமி தெலுங்கில் கேட்டாள். "பெருகன்னம்" என்றாள் ரமா. தனக்கும் இன்றைக்குத் தயிர் சாதம்தான் என்று அது சந்தோஷமாக ஓடியது.

மாலையில் எல்லாவற்றையும் பிரித்தார்கள். இரவல் கட்டைகள் ஆயிற்றே, திருப்பித் தர வேண்டும். ரமா நெம்புகோலை வாங்கி, கொம்பு, காது, அடையாள அட்டை என்று தானே பிரித்து நிறம் நிறமாகப் போட்டாள். டிபன் கேரியரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஸ்ரீகாந்தைப் பார்த்தாள்.

"அது ஃபைல்லயே இல்லீங்களேக்கா. வெச்சுக்குங்க" என்றார் அவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு பொம்மைக் கடைக்குப் போனாள். கைப்பையில் அந்தக் கேரியர் இருந்தது. இருப்பதிலேயே பெரிய டப்பாவைக் காட்டினாள். குழந்தைக்கு என்ன வயது என்று கடைக்காரர் கேட்டார்.

"ஐம்பத்திரண்டு" என்றாள் ரமா.