ஆகவே, மக்கா

திருப்புறத்து அக்காவுக்கு ஒரு சுபாவம் உண்டு. எதைப் பேசினாலும் கடைசியில் "ஆகவே, மக்கா" என்று ஒரு பாடம் சொல்லிவிட்டுத்தான் வாயை மூடுவாள். பாறசாலை பஸ் ஸ்டாண்டில் மழையில் நான் வழுக்கி விழுந்தபோது, கைகொடுத்துத் தூக்குவதற்கு முன்னால், செருப்பைப் பார்த்து வாங்கவேண்டும் என்று சொன்னவள் அவள். கிடந்த கிடையில் நானும் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

நாங்கள் இரண்டு பேரும் டீச்சர்கள். அவள் திருப்புறத்தில், நான் பாறசாலையில். பள்ளிக்கூடத்தில் லைப்ரரிக்கென்று தனியாக ஆள் இல்லாததால் புத்தக அலமாரியின் சாவியை எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். அப்படித் தலையில் கட்டப்பட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து பாறசாலையில் என் பள்ளிக்கூட ஹாலில் மூன்று நாள் பயிற்சி நடந்தது. நடத்த வந்தது திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெண். என் மகள் வயசுதான் இருக்கும். எந்த வயசுக்கு எந்தப் புத்தகம், நல்ல படக்கதைகள் எங்கே கிடைக்கும், அட்டைப்படம் பிள்ளைகளுக்குத் தெரிகிற மாதிரி எப்படி அடுக்குவது என்றெல்லாம் சொன்னாள். அக்கா நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் அந்தப் பெண் ஒரு நிபந்தனை வைத்தாள். மறுநாள் ஒவ்வொருவரும் பிள்ளைகளுக்கு ஒரு படக்கதையை வாசித்துக் காட்டவேண்டும். முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடவேண்டும். கதையின் பாடம் என்ன என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. அப்படி முடிக்கிறவர்களின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெட்டி நிறையப் படக்கதைகள் கிடைக்கும்.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். பார்க்காமல் இருக்க முடியுமா?

அவள் முகம் விழுந்துவிட்டது. பயிற்சிக்குப் போனால் புத்தகப்பெட்டி கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, புறப்படும்போதே, அதோடுதான் வருவேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள். பிள்ளைகளும் அலமாரியில் கிடந்த பழைய கைடுகளை எல்லாம் இறக்கி, தட்டுகளைத் துடைத்து, பேப்பர் விரித்துக் காத்திருக்கின்றன.

"வெறுங்கையோட போனா அதுவளுக்க முகத்த நான் எப்பிடிப் பாப்பேன்?" என்றாள்.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஒரே பஸ்ஸில் போகும்போது பயிற்சி கொடுத்துப் பார்த்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கிப்போன கதையைச் சொல்லி, முடிவில் அவள் சும்மா இருக்கவேண்டும் என்றேன். பால் பொங்கி முடிவதற்குள் பாடம் வந்துவிட்டது. ஊறின குணம் ஒரு ராத்திரியில் போகுமா?

மூன்றாம் நாள் சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு வந்தது ஒரு கோழிக்கதை. கோழி பஸ்ஸில் ஏறுகிறது. டிக்கெட் எடுக்கவில்லை. கண்டக்டர் வந்து கேட்டதும் அவருடைய பையில் ஒரு முட்டை இட்டுவிட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விடுகிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் அக்காவின் வீட்டுக்காரர் யார் என்று நினைக்கிறீர்கள்? பஸ் கண்டக்டர்! டிக்கெட் எடுக்காமல் ஏமாற்றுகிறவர்களைப் பற்றித் தினமும் சோற்றோடு சேர்த்துக் கேட்கிறவள். சோதனை வந்தாலும் இப்படியா வரவேண்டும்?

சும்மா சொல்லக்கூடாது, வாசிப்பு பிரமாதம். கோழியின் நடையும் கண்டக்டரின் விசிலும் அவள் குரலில் அப்படியே வந்தன. என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. கடைசிப் பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தப்பிவிட்டாள் என்று நான் மூச்சுவிட்டேன்.

அப்போது முன்வரிசையில் ஒரு சிறுமி கை தூக்கினாள். "டீச்சர், இதுல பாடம் என்ன?"

வேறு யார் பழக்கிய பிள்ளை? நான் பழக்கியதுதான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். பின்னால் நிற்கிற பயிற்சிக்காரப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த கோழியைப் பார்த்தாள்.

"ஆகவே, மக்கா" என்று தொடங்கினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாது."

தெரியாதாம்! அக்காவுக்கு! நான் கண்ணைத் திறந்தபோது பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே நகர்ந்து நகர்ந்து அவள் கிட்டே வந்துகொண்டிருந்தன. முட்டை உடைந்திருக்கும் என்றது ஒன்று. பையில் சில்லறை மேலே விழுந்தால் உடையத்தான் செய்யும் என்றது இன்னொன்று. முட்டை டிக்கெட்டைவிட விலை கூடுதல், பாக்கி கொடுக்காத கண்டக்டர்தான் கள்ளன் என்று ஒரு குட்டிப் பெரிய மனுஷி தீர்ப்பே சொல்லிவிட்டாள். கண்டக்டர் பெண்டாட்டி வாயைத் திறக்கவில்லை. கடைசியில் முன்வரிசைச் சிறுமி அவள் சேலையைப் பிடித்து இழுத்து, "அப்ப இன்னொருக்கா வாசிங்க, டீச்சர்" என்றாள்.

வாசித்தாள்.

சாயங்காலம் பெட்டியைக் காலருகில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இத்தன வருசமும் நான் பாடத்தச் சொன்ன உடனே பிள்ளையளு எழும்பிப் போவும். கத தீந்ததுனாலதான் போவுதுன்னாக்கும் நினைச்சேன். இண்ணைக்கு ஒண்ணுகூடப் போவல்ல, கேட்டியா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் கண்டக்டர் வந்து, பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கவேண்டும் என்றார். அக்கா மறுபேச்சுப் பேசாமல் எடுத்தாள். பெட்டியைத் திறந்து, மேலே இருந்த கோழிப் புத்தகத்தை விரித்து, கண்டக்டர் கைநீட்டி நிற்கிற பக்கத்தில் அந்தச் சீட்டைப் பத்திரமாகச் சொருகினாள்.

"இப்பக் கோழிக்கும் டிக்கெட் ஆச்சு" என்றாள்.