குடியை விட்டதற்கு அத்தாட்சி

குடிநோய் ஆலோசகர் வேலைக்கு முக்கியமாக வேண்டியது காது. எங்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் வாரியமோ காதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அத்தாட்சி கேட்கும். ஏதாவது ஒரு சான்றிதழுக்காக ஒரு தரமாவது அலைந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் செங்கல்பட்டு - மாமல்லபுரம் ரூட்டில் வேன் ஓட்டியவன். குடித்துக் குடித்து லைசென்ஸ் போய், பெண்டாட்டியும் போய், தொண்ணூறுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் நோயாளியாகச் சேர்ந்தேன். குணமான பிறகு அங்கேயே உதவியாளனாகத் தங்கிவிட்டேன். மூன்று வருடம் கழித்து இல்லத்து டாக்டர் கூப்பிட்டு, "இனிமே சான்றிதழ் இருந்தாத்தான் ஆலோசகர்னு வெச்சுக்க முடியும். விண்ணப்பம் போடு" என்றார்.

பேசாத மூன்று நாள்

வாரியத்துக்கு முதலில் ஒரு நோட்டு எழுத வேண்டும். டாக்டரின் மேற்பார்வையில் யாரோடு எவ்வளவு நேரம் பேசினேன், எதைப் பற்றிப் பேசினேன் என்று மணிவாரியாக விவரம். அந்தச் சமயம் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து நாகப்பன் என்ற மீனவரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். மூன்று நாள் வாயே திறக்கவில்லை. காம்பவுண்டுச் சுவரோரம் உட்கார்ந்திருப்பார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். நோட்டில் 'பேசிய விஷயம்' என்ற கட்டத்தில் வேறு வழியில்லாமல் 'உட்கார்ந்திருந்தோம்' என்று எழுதினேன்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "இதுல நான் எப்படிய்யா கையெழுத்துப் போடறது? ஒரு வார்த்தைகூடப் பேசலையே!" மாத்திரைக்கு வரிசையில் நின்றிருந்த நாகப்பன் அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார்: "இன்னா டாக்டரு, ஓடிப்பூடலாம்னுதான் மூணு நாளா சுவத்தாண்ட குந்திகினு இருந்தேன், இந்தாளு எழுந்தே போவலயே!"

கூட இருப்பவர் கடிதம்

அடுத்த தாள்தான் என்னை உலுக்கியது. என்னைப் போல் குடியிலிருந்து மீண்டவர்கள், இரண்டு வருடமாகக் குடிக்கவில்லை என்று ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தார் ஒருவரிடம் கடிதம் வாங்கித் தர வேண்டும். என் மனைவி கஸ்தூரி செய்யூரில் அம்மா வீட்டுக்குப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. பஸ் ஏறினேன்.

வாசலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. படிவத்தை இரண்டு தரம் படித்தாள். பிறகு கிட்டே வந்து நின்றாள். மோந்து பார்க்கிறாள் என்று புரிந்தது; முகத்தைத் திருப்பாமல் நன்றாக மூச்சு விட்டேன். "குடிக்கலன்னு நம்பறேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை. "நம்பறது வேற, எழுதிக் குடுக்கறது வேற. நான்தான் கூட இல்லையே" என்று உள்ளே போய்விட்டாள்.

வெறுங்கையோடு திரும்பினேன். மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிரங்குப் பெட்டியோடு இல்லத்து வாசலில் வந்து நின்றாள். இன்றுதான் கூட வந்து சேர்கிறாள் என்றால் விண்ணப்பம் இரண்டு வருடம் தள்ளிப்போகுமே, அதுவரை இவன் உதவியாளன்தானே என்று டாக்டர் கவலைப்பட்டார். கஸ்தூரி பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "தள்ளிப் போவட்டும் சார், கூட இருந்து பாக்கறேன்; பாத்ததைத்தான் எழுதுவேன்."

நாலில் ஒன்று

இல்லத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக் குடியேறினோம். இரண்டு வருடம் முடிந்ததும் எழுதினாள், ஒரே வரி: 'நான் பார்த்த இரண்டு வருடமும் குடிக்கவில்லை.' வாரியம் ஏற்றுக்கொண்டு எழுத்துத் தேர்வுக்குக் கூப்பிட்டது. என்னோடு எழுத வந்தவள் செல்வி, இல்லத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த கேளம்பாக்கத்துப் பெண், சமூகப்பணி படித்தவள். நானோ பத்தாவது. 'குடித்துவிட்டு ஆலோசனைக்கு வருபவரை என்ன செய்வீர்கள்?' என்று ஒரு கேள்வி. கீழே நாலு விடை. நான் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவதா, வேறு தேதி கொடுப்பதா என்று குழம்பி, கடைசியில் ஓரத்தில், 'முதலில் சாப்பிட்டாரா என்று கேட்பேன்' என்று எழுதிவைத்தேன். மற்றக் கேள்விகளிலும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

வெளியே வந்து செல்வியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஹால் டிக்கெட்டை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க எழுதினதுதாண்ணா சரி, ஆனா நான்தான் பாஸ் ஆவேன்."

காலாவதித் தேதி

அப்படியே ஆயிற்று. அடுத்த தேர்வுக்குச் செல்வியே உட்கார்ந்து பாடம் நடத்தினாள், தேறிவிட்டேன். சான்றிதழைக் கண்ணாடி போட்டு என் அறையில் மாட்டினேன். மூன்று வருடம்தான் செல்லும், பிறகு பயிற்சிக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும் என்று அதன் அடியில் அச்சடித்திருக்கும்.

முனுசாமி என்று வேடந்தாங்கல் பக்கத்து டிராக்டர் மெக்கானிக். எங்களிடம் குணமாகிப் போய், எட்டு மாதம் கழித்து மறுபடி குடித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். வெட்கத்தில் என் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவசரப்படுத்தவில்லை. எழுத்துக் கூட்டிச் சான்றிதழ் முழுவதையும் படித்து முடித்தவர், முதல் தடவையாக நிமிர்ந்தார்: "அண்ணாத்த, உனுக்கே மூணு வருசத்துக்கு ஒருவாட்டி புதுசு பண்ணணும்னு போட்டுகீது, நான் மறுபடி வந்தது ஒண்ணும் தப்பில்லயே?"

வாரியம் மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் என்னைச் சோதிக்கிறது. வீட்டு வாசலில் கஸ்தூரி தினமும் கிட்டே வந்து நின்று நடத்தும் சோதனைக்குப் படிவமும் கிடையாது, விடுமுறையும் கிடையாது.