வேறொருவன் பெயரில் நான்கு விக்கெட்

அந்த அடையாள அட்டையை அவர் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, படத்தைப் பார்த்து, பிறகு முன்னால் நின்றவனின் காதைப் பார்த்த விதம் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. தாடி விடலாம், தலைமுடியை மாற்றலாம், காதை மாற்ற முடியாது. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், இரவல் பெயரில் வேலை செய்த எவருக்கும் இது தெரிந்த விஷயம். பார்த்தவர் எதிர் லீக்கின் செயலாளர். பக்கத்தில் நின்ற நான் எங்கள் லீக்கின் பதிவாளர். அட்டையில் இருந்த பெயர் புறநகரான சார்செலில் இருக்கும் எங்கள் உறுப்பினர் ஒருவருடையது. அவர் வாழ்நாளில் பந்தைத் தொட்டதில்லை. முன்னால் நின்றவனோ வன்னியிலிருந்து வந்து, இன்னும் வதிவிட அட்டை கிடைக்காத, எங்கள் மிகச் சிறந்த வேகப்பந்து வீச்சாளன். வயது முப்பதைத் தாண்டியிருந்தாலும் கலியாணம் ஆகாததால் எல்லோருக்கும் பெடியன்தான். செயலாளர் அட்டையைத் திருப்பி என் கையில் தந்து, "ஓம், சரி" என்றார். அந்தச் "சரி"யைத்தான் நான் நம்பவில்லை.

ஏன் நம்பவில்லை என்று சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் பாரிஸ் தமிழர்களின் துடுப்பாட்டத்துக்கு ஒரே லீக்தான் இருந்தது. அதை இரண்டாக உடைத்தவர் இதே மனிதர், உடைத்த காரணமும் இதே மாதிரி ஒரு அட்டை. ஓர் இறுதி ஆட்டத்தில் எங்கள் கழகம் வேறொருவர் பெயரில் ஆளை இறக்கியது என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்தினார். நாங்கள் ஊரில் இல்லாத சட்டமெல்லாம் பேசுகிறார் என்று சிரித்தோம். நான்கு கழகங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் புதிய லீக் தொடங்கினார். அன்றிலிருந்து லாச்சப்பலின் ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியில் அவர் ஒரு பக்க நடைபாதை, நான் மறுபக்கம். அங்கே அவருக்கு அழைப்பிதழ் அச்சிடும் சின்னக் கடை இருக்கிறது. என் மகளின் கலியாண அட்டையை நான் லண்டனில் அடித்து எடுப்பித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு லீக்கும் மோதும் நட்சத்திர ஆட்டம் எங்கள் தலைவரின் யோசனை. மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கம் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் வேலை செய்பவர், அங்கே தொலைக்காட்சியில் அமெரிக்கப் பேஸ்போல் பார்த்துவிட்டு வந்தார். "அங்கையும் ரெண்டு லீக் இருக்குது. ரெண்டிலையும் உள்ள கெட்டிக்காரரைப் பொறுக்கி எடுத்து வருசத்திலை ஒருக்கா மோத விடுறாங்கள். ஆர் திறமெண்டு சண்டை பிடிக்காமல் பாக்கலாம்" என்றார். சண்டை பிடிக்காமல் என்ற இடத்தில் நான் இருமினேன். நகராட்சியின் பேஸ்போல் மைதானம் ஒன்று இரு தரப்புக்கும் பொது இடமாகக் கிடைத்தது. அதன்பின் தொடங்கின சந்தேகங்கள். பந்தை யார் வாங்குவது, நடுவர் எந்த ஊர், அவருடைய மனைவி எந்த ஊர் என்று ஒரு மாதம் பேசினோம். எங்கள் நட்சத்திர அணிக்குள்ளேயே ஏழு ஊர்க் கழகத்து ஆட்கள். தன்னூர்க்காரனுக்குத்தான் அணித்தலைவர் பந்தைக் கொடுப்பார் என்று ஆறு ஊர்க்காரர் முணுமுணுத்தார்கள். ஆட்ட நாள் காலையில்தான் அந்த அட்டைச் சோதனை. அன்றைக்கு மதியம் எதிர்த் தரப்பு கொண்டுவந்த பிரியாணியை எங்களில் யாரும் தொடவில்லை. நல்ல வாசம் வந்தது, அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

பெடியன் அன்று போட்ட பந்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மூன்று ஓவரில் நான்கு விக்கெட். எதிர் லீக்கின் கொம்பன்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்கள். தண்ணீர் இடைவேளையில் திரும்பிப் பார்க்கிறேன், எல்லைக் கோட்டுக்கு வெளியே மரத்தடியில் செயலாளர் பெடியனோடு நிற்கிறார். கையில் ஒரு கொப்பி. பெடியன் ஏதோ சொல்ல, அவர் தலையை ஆட்டி எழுதுகிறார். நான் விழுந்தடித்து ஓடிப் போவதற்குள் அவர் நகர்ந்துவிட்டார்.

"என்ன கேட்டவர்?" என்றேன்.

"ஊர் எதெண்டு கேட்டார் அண்ணை. பிறகு உண்மையான பேரைக் கேட்டார்."

"சொன்னியோ?"

"ஓம். ஒருதரும் இஞ்சை அதைக் கேக்கிறேல்லை. கேட்ட உடனை சொல்லிப்போட்டன்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தேன். நாங்கள் வென்றால் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வருவார். எங்கள் லீக் கள்ள லீக் என்று லாச்சப்பல் முழுக்கச் சொல்லுவார். பேப்பர் இல்லாத பெடியன் எந்த அரசாங்கக் கந்தோரில் மாட்டுவானோ. அணித்தலைவரைக் கூப்பிட்டு, பெடியனுக்கு இனிப் பந்து கொடுக்க வேண்டாம் என்றேன். கடைசி ஓவரில் அவர்களுக்குப் பதினொரு ஓட்டம் தேவை, அவனுக்கு இன்னும் ஒரு ஓவர் மிச்சம் இருந்தது. வேறொருவர் போட்டார், தோற்றோம். பெடியன் சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்தான். செயலாளர்தான் வந்து, "ஏன் அவனை நிப்பாட்டினீங்கள்?" என்றார். நடிப்பு என்று முடிவுகட்டினேன்.

இரண்டு கிழமை கழித்து அவருடைய கடையிலிருந்து ஓர் உறை வந்தது. எங்கள் பதினொரு பேருக்கும் அழகாக அச்சடித்த சான்றிதழ்கள், ஆட்ட நாளில் எடுத்த படத்தோடும் திகதியோடும். பத்து சரி. பதினோராவதில் பெடியனின் படத்துக்குக் கீழே அவனுடைய சொந்தப் பெயர். இதை வாங்கி அவனிடம் கொடுத்தால் ஆள்மாறாட்டத்தை நாங்களே ஒப்புக்கொண்டது போல ஆகும், அதற்குத்தான் அனுப்பியிருக்கிறார் என்று தோன்றியது. நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். உனக்கு மட்டும் வரவில்லை என்று பெடியனிடம் சொன்னேன். "பரவாயில்லை அண்ணை" என்றான்.

மூன்று வருடம் கழித்து வதிவிட அட்டைக்கான அவனுடைய விண்ணப்பம் தயாரானது. ஒவ்வொரு வருடமும் பிரான்சில்தான் இருந்தேன் என்று காட்ட வேண்டும். மருந்துச் சீட்டு, பயண அட்டை என்று எல்லா வருடத்துக்கும் ஏதோ இருந்தது, ஆட்டம் நடந்த அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் ஒன்றுமில்லை. அந்த வருடம் முழுக்க வேலையும் விளையாட்டும் இரவல் பெயரில் போய்விட்டன. "ஒரு சங்கத்தின்ரை கடிதமெண்டாலும் போதுமாம், லோயர் சொன்னவர்" என்று என்னிடம் வந்தான். எங்கள் பதிவேட்டில் அவன் இல்லை. நான்கு விக்கெட்டும் சார்செல்காரரின் பெயரில் கிடந்தன.

அன்று முதல் தடவையாக வீதியைக் கடந்து அவருடைய கடைக்குள் போனேன். முதல் சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அவர் அலுமாரியிலிருந்து கொப்பியை எடுத்தார். பெடியனின் பெயர், ஊர், ஓவர், விக்கெட் எல்லாம் அவருடைய எழுத்தில் இருந்தன. இன்னொரு பிரதி அச்சடித்து, லீக்கின் முத்திரையைக் குத்தி, கொப்பியின் பக்கத்தையும் படியெடுத்து வைத்தார்.

"கெடுதல் செய்ய எழுதேல்லையெண்டு அப்பவே ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றேன்.

"சொன்னா நம்பியிருப்பியளோ?"

நம்பியிருக்க மாட்டேன். அதை ஒப்புக்கொள்ளாமல், அப்படியென்றால் அந்தக் காலத்தில் ஓர் அட்டைக்காக ஏன் லீக்கையே உடைத்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் வந்த புதுசிலை ஏழு வருசம் ஒருத்தரின்ரை பேரிலை ரெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவினனான்" என்றார். "அந்த ஏழு வருசமும் இப்ப அவரின்ரை பென்சனிலை கிடக்கு. நல்ல மனிசன், கண்டால் நிண்டு கதைப்பார். அவரை என்னண்டு குறை சொல்லுறது? விளையாட்டிலையாவது ஒருத்தன் தன்ரை பேரிலை நிக்கட்டும் எண்டு நினைச்சன். உங்களுக்கு அதை விளங்கப்படுத்த எனக்குத் தெரியேல்லை. கோவம்தான் வந்தது."

போன வருடம் பெடியனுக்கு வதிவிட அட்டை வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேரே போய்ப் புதிய லீக்கில் பதிந்துகொண்டான். எங்கள் செயற்குழுவில் அன்று அமளி. "ஆளைக் கொத்திக்கொண்டு போகத்தான் சான்றிதழ் குடுத்தவர். நான் அப்பவே நினைச்சனான்" என்றார் தலைவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சந்தேகப்படுவது எங்கள் குழுவில் என்னுடைய இலாகா. முதல் சான்றிதழைக் கிழித்தவன் நான்தான் என்று சொன்னேன். அன்றிலிருந்து அவர்கள் என்னையும் ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

இப்போது செயலாளரின் கடைக்கு அடிக்கடி போகிறேன். பிளேன்டீ போட்டுத் தருவார், துடுப்பாட்டம் பேசுவோம். கிழித்த கதையை அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டுதான் போகிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் என்னை நம்பத் தொடங்கியிருக்கிறார். அதனால் இன்னும் சொல்லவில்லை.