முனியாண்டியின் சிவப்புத் துணி

எழுபதுகளின் கடைசியில், பேராக் மாநிலத்தின் வடக்கே ஒரு கணவாயில் மலையைப் பிளந்து சாலை போட்டார்கள். எங்கள் ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபின் நானும் அக்கா புருஷனும் அங்கே வேலைக்குப் போனோம். மச்சான் புல்டோசர் ஓட்டினார். எனக்கு உச்சிக் குடிசையில் வாக்கி-டாக்கி. வளைவுக்குக் கீழே ஆள் இருந்தால், எதிர்ச்சரிவில் வெடிப்பெட்டியோடு நிற்கும் மண்டோருக்கு, அதாவது மேஸ்திரிக்கு, அது தெரியாது. நான்தான் சொல்ல வேண்டும். பத்து மணிவரை நான் வாய் திறக்காவிட்டால் வெடி. அந்த ஏற்பாடு எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

ஜெனரேட்டர் வைக்கலாமென்றால் டீசல் அவ்வளவு உயரம் வந்து சேராது. குடிசைக்கு வெளியே நட்ட கம்பத்தின் உச்சியில் சுற்றும் காற்றாடிதான் வாக்கி-டாக்கியின் பாட்டரிக்கு மின்சாரம் தந்தது.

அக்கா கீழே புந்தோங் ஊரில் ஏழு மாதக் கர்ப்பிணி. விடுமுறைக்குப் போனபோது ஒரு சிவப்புத் துணியைக் கையில் திணித்தாள். "தம்பி, ஒசரமான மரமா பாத்துக் கட்டுடா. முனியாண்டி ஒங்க மச்சானப் பாத்துக்கும்."

தோட்டத்தில் அப்படித்தான் கட்டுவோம். ஆனால் மேலே மரங்களையெல்லாம் நாங்களே வெட்டித் தள்ளியிருந்தோம். ஏணி வைத்து ஏறிக் கம்பத்தில் கட்டினேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு வேறு.

மூன்றாம் நாள், பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். மச்சானின் எந்திரம் சங்கிலி கழன்று வளைவுக்குக் கீழே நின்றது. அவர் அதன் அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. மேலே நான் இருக்கிறேன் என்ற தைரியம் அவருக்கு. வாக்கி-டாக்கியை அமுக்கினேன். சத்தமே இல்லை. வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால், துணி இறக்கையில் சுற்றிக் காற்றாடி அசையாமல் நிற்கிறது. எப்போது நின்றதோ, நான் கவனிக்கவேயில்லை.

தொண்டை கிழியக் கத்தினேன். காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடியது. ஏணியில் ஏறித் துணியைப் பிடுங்கினேன். பாதி கிழிந்து வந்தது. அதை வீசிக்கொண்டே சரிவில் ஓடினேன், விழுந்தேன், எழுந்து மறுபடி ஓடினேன். சிவப்பைப் பார்த்ததும் மண்டோர் பெட்டியிலிருந்து கையை எடுத்தார்.

எண்ணெய்க் கையோடு மச்சான் மேலே வந்தார். "ஏன்லா மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"பாட்டரி செத்துப்போச்சு மச்சான்." அதற்குமேல் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

சிவப்புத் துணியைப் பார்த்துத்தான் வெடியை நிறுத்தினேன் என்று மண்டோர் மச்சானிடம் சொல்லி, மச்சான் அக்காவிடம் சொல்லியிருந்தார். அடுத்த விடுமுறையில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் சொல்லல? முனியாண்டி கைவிடாதுடா." பிறகு அலமாரியிலிருந்து இன்னொரு துணியை எடுத்தாள். முன்னதைவிட இரண்டு மடங்கு நீளம்.

"அதே எடத்துல கட்டுடா."

வாங்கிக்கொண்டேன். வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பாள்.