தேசாதிபதிக்குப் பதிலாக

நான் மன்னிக்கிற ஆள் இல்லை. பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் மன்னிப்பைப் பற்றி எனக்கு நிறையச் சொல்லித் தந்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலும் சொன்னேன். ஆனாலும் எங்கள் கந்தோரின் பெரிய லிகிதரை நான் மன்னிக்கவில்லை. இந்த வயதிலும் மன்னிக்கிற உத்தேசம் இல்லை.

கண்டி மலையெல்லாம் கோப்பி கொழித்த காலம் அது. வெயில் ஏறினால் வெள்ளைக்காரத் தேசாதிபதி கொழும்பை விட்டுக் கண்டி மாளிகைக்கு வந்துவிடுவார். அவருக்கு வருகிற காகிதங்களைக் கவனிக்க வாவிக்குப் பக்கத்தில் ஒரு கந்தோர் இருந்தது. அங்கே நான் தமிழ் மனுக்களை இங்கிலீசில் பெயர்த்து எழுதும் சின்ன லிகிதர். மஹய்யாவையில் குடியிருந்து, காலையில் நடந்து போய், மாலையில் நடந்து வருவேன்.

நாட்டைத் தேசாதிபதி ஆளுகிறார் என்று ஊரில் நம்பினார்கள். எங்களுக்கல்லவா தெரியும் அந்தச் சங்கதி! ஒரு மனு வந்தால் அதை நான் பெயர்த்து எழுதுவேன். பிறகு அதை மூன்றாக மடிப்போம். வெளி மடிப்பில் பெரிய லிகிதர் இரண்டு வரி எழுதுவார்: கேட்பவர் யார், கேட்பது என்ன, என்ன செய்யலாம். தேசாதிபதி அந்த இரண்டு வரியைப் படித்து, கீழே கையெழுத்துப் போடுவார். மடிப்பைப் பிரித்துப் பார்த்தவரை நான் கண்டதில்லை. கூடை கூடையாக மனு வந்தால் அவரும்தான் என்ன செய்வார்.

என் தம்பி மடுல்கெல்லப் பக்கம் ஒரு கோப்பித் தோட்டத்தில் வேலை செய்தான். அம்மா என் வீட்டில் சாகக் கிடந்தபோது துரையிடம் லீவு கேட்டான், கிடைக்கவில்லை. சொல்லாமல் வந்துவிட்டான். அம்மா கண்ணை மூடும்வரை கூடவே இருந்து, கொள்ளி வைத்த மறுநாள் பிடிபட்டான். தோட்டத்தை விட்டு ஓடியவனுக்கு மூன்று மாத மறியல், சிறைக்குள் கல்லுடைக்கும் வேலை. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூச்சு இழுப்பு உண்டு. மழையும் தொடங்கிவிட்டது. கல்லுடைப்பிலிருந்து மட்டுமாவது அவனை விடுவியுங்கள் என்று மனு எழுதி, நானே பெயர்த்து, பெரிய லிகிதரின் மேசையில் வைத்தேன்.

"ஐயா, இது என் கூடப் பிறந்த தம்பிங்க. கொஞ்சம் பாத்து எழுதுங்க."

அவர் யாழ்ப்பாணத்து மனிதர். எனக்கு இங்கிலீசு சொல்லித் தந்த தங்கமான வாத்தியாரும் அதே ஊர்தான். ஆகவே நான் ஊரைக் குறை சொல்லவில்லை, இவரைத்தான் சொல்கிறேன். தலை நிமிராமலே பதில் சொன்னார்.

"கந்தோருக்குள்ளை தம்பி, தமையன் எண்டு ஒருத்தரும் இல்லை. வைச்சிட்டுப் போம்."

என் கண்ணுக்கு எதிரேயே எழுதினார்: 'தோட்டத்தை விட்டு ஓடிய கூலி. தலையிடத் தேவையில்லை.' அவ்வளவுதான். இழுப்பு இல்லை, அம்மா இல்லை, மழை இல்லை. தேசாதிபதி கையெழுத்துப் போட்டார். இரண்டாம் மாதம் மறியலிலிருந்து தம்பியின் உடம்பு வந்தது. காய்ச்சல் என்று சொல்லி மூன்று நாள் லீவு எடுத்தேன். நாலாம் நாள் போய், "வணக்கம் ஐயா" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு என் கதிரையில் உட்கார்ந்தேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த மனிதரை விழுத்தாமல் விடுவதில்லை என்று. அவசரப்படவில்லை. அவருக்குப் பிடித்த மாதிரி எழுதினேன், அவருக்குப் பேனா சீவிக் கொடுத்தேன். 'நல்ல பிள்ளை' என்று பேரெடுத்தேன். ஆண்டுகள் ஓடின. கோப்பி இலைகளில் மஞ்சள் பொடி நோய் விழுந்து துரைமார் தலையில் கை வைத்த நேரத்தில், நான் அவருக்கு அடுத்த கதிரைக்கு வந்திருந்தேன்.

அவருடைய ஆசை எல்லாருக்கும் தெரியும். முதலியார் பட்டம், அரசாங்கம் பெரிய மனிதர்களுக்குத் தருகிற கௌரவம். தேசாதிபதி கையால் பட்டம் வாங்கி, பொன் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டும் சப்பாத்துமாக மாளிகைப் படியிறங்க வேண்டும். தூக்கத்தில்கூட அதைத்தான் சொல்வாராம். பட்டம் கேட்டுத் தாமே மனு எழுதினார். ஆனால் தன் மனுவின் மடிப்பில் தானே எழுதக்கூடாது என்பது கந்தோர் வழக்கம். அடுத்த கதிரைக்காரர்தான் எழுத வேண்டும். அட, அது நான்தானே!

அப்போது வந்திருந்தவர் புதுத் தேசாதிபதி. பட்டாளத்தில் இருந்த மனிதர். கேட்காமல் கோப்பியில் சர்க்கரை போட்ட வேலைக்காரனைப் பார்த்து, "எனக்கு எவ்வளவு வேண்டுமென்று நீ யார் முடிவு செய்ய?" என்று மாளிகையே அதிரக் கத்தினார். காகிதக் கட்டோடு வாசலில் நின்று நான் அதைக் கேட்டேன். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பொய் ஒரு சொல்கூட எழுதவில்லை. 'முப்பது வருட சேவை. தேசாதிபதிகளுக்குச் சிரமம் வைக்காமல், மனுக்களை அவர்களுக்குப் பதிலாகத் தாமே தீர்மானித்து வருபவர். முதலியார் பட்டத்துக்குத் தகுதியானவர்.' எழுதி, அவரிடமே காட்டினேன். மனிதர் படித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறீர். ஆனால் மனுக்கள் எண்டு மட்டும் போட்டால் காணாது." பேனாவை வாங்கி, 'எல்லா' என்ற சொல்லைத் தம் கையாலேயே முன்னால் சேர்த்தார். எல்லா மனுக்களையும்! அந்தக் கந்தோரில் முப்பது வருடம் இருந்தவருக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அதுதான் வேலை, அதைத் தாம் திறம்படச் செய்தோம் என்று மனதார நம்பினார்.

மூன்றாம் நாள் காகிதம் திரும்பி வந்தது. 'எனக்குப் பதிலாகத் தீர்மானிக்க நான் யாரையும் நியமிக்கவில்லை. பட்டம் இல்லை. இவரை இந்தக் கந்தோரிலிருந்து மாற்றுக.' நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். தையற்காரனிடம் கோட்டு தயாராக இருந்தது. விழாவுக்கென்று சொந்தக்காரர் ஊரிலிருந்து புறப்பட்டிருந்தார்கள். அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்ததை நின்று, ஆற அமரப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் நான் பொய்யன்.

புதுத் தேசாதிபதி ஒரு வாரம் மனுக்களைப் பிரித்துப் படித்தார். எட்டாம் நாள் கண் வலிக்கிறதென்று மடிப்புக்கே திரும்பினார். பெரிய லிகிதரை நாவலப்பிட்டியில் ஏதோ சாமான் கணக்கெழுதும் மூலைக்குத் தள்ளினார்கள். அதில் இரண்டு வருடம் இருந்து, நோயாளியாகிக் கண்டிக்கு வந்து படுத்தார்.

பார்க்கப் போனேன். இரக்கத்தில் அல்ல. தன்னை விழுத்தியது யார், எதற்காக என்று தெரியாமலே அந்த மனிதர் செத்துவிடுவாரோ என்ற பயத்தில் போனேன்.

"வாரும், வாரும். கந்தோரிலை இருந்து நீர் ஒருத்தர்தான் வந்தனீர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீர் வடிவாத்தான் எழுதினீர். அந்த மனுசனுக்குத்தான் விளங்கேல்லை."

கையை உருவிக்கொண்டேன். "உங்களை விழுத்தத்தாங்க அப்படி எழுதினேன். என் தம்பிக்காக."

தலையணையிலிருந்து சற்று எழுந்தார். "எந்தத் தம்பி?"

எல்லாம் சொன்னேன். தோட்டம், அம்மா, மழை, இழுப்பு, அவர் எழுதிய இரண்டு வரி. அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிக்கவில்லை, உண்மையிலேயே தேடினார்.

"எழுதியிருப்பன்தான். அது மாதிரி எத்தினையோ எழுதினனான். உம்மடை தம்பி எண்டு… இல்லை, ஞாபகம் வரேல்லை."

ஞாபகம் வரவில்லையாம்! என்றைக்காவது நினைவு வந்து என்னைச் சந்தேகப்படுவாரோ என்று இத்தனை வருடம் நான் அஞ்சி அஞ்சிச் செத்திருக்கிறேன். அவர் சாகும்வரை என் தம்பியைச் சுமக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறென்ன வேண்டியிருந்தது? பட்டத்தைப் பறித்தேன், கதிரையைப் பறித்தேன், தம்பியை அவர் தலையில் ஏற்ற மட்டும் முடியவில்லை. அந்த மாதமே போய்ச் சேர்ந்தார். நான் சாவு வீட்டுக்குப் போகவில்லை. இன்னொரு பட்டம் அவருக்கு வரவிருந்தால், அதையும் பறித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருப்பேன்.