கோடு விழாத தாள்

கொரோனா ஓய்ந்து ஓரிரண்டு வருடம் ஆகியிருக்கும். கோலார் தங்கவயல், மாரிகுப்பத்தில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் நடந்தது இது.

அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு. பெங்களூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஆளைக் குறைத்தார்கள். முதலில் குறைந்தது நான்தான். வீட்டில் சும்மா இருந்தால் மனைவி ரேஷன் கடை வரிசைக்கு அனுப்பிவிடுவாள் என்ற பயத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வணிக இதழியல் முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். கம்பெனி, சந்தை, தொழில் பற்றிய செய்திகளை எழுதக் கற்றுத்தரும் படிப்பு. முதல் நாள் நான் நுழைந்ததும் பேராசிரியர் என்று நினைத்துப் பாதி வகுப்பு எழுந்து நின்றது. நானும் வெட்கமில்லாமல் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

தினமும் விடிவதற்குள் ரயில். பக்கத்து வீட்டு அண்ணனும் அதே ரயில்தான். சுரங்கம் ஓடிய காலத்தில் அவர் வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஆட்களை ஏற்றிக்கொண்டு பூமிக்குள் இறங்கும் கேஜ் என்கிற கூண்டு அவர் கைப்பிடியில் இருந்தது. சுரங்கத்தை மூடியபின் பெங்களூரில் ஓர் அபார்ட்மென்டில் வாட்ச்மேன். "அன்னிக்கு மணியடிச்சா கேஜை எறக்குவேன். இன்னிக்கு ஹாரன் அடிச்சா கேட்டைத் தொறக்கறேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

பேராசிரியை ஒரு பயிற்சி கொடுத்தார். கற்பனையான ஒரு கம்பெனி, மூடிக்கிடக்கும் ஒரு சுரங்கத்தைத் திறக்கப்போவதாக அறிக்கை. அதை அவரவர் தாய்மொழியில் செய்தியாக எழுதி, அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, புரியாத இடத்தில் கோடு போடச் சொல்லித் தாளைத் திரும்ப வாங்கி வரவேண்டும். தலையில் 'பயிற்சிக்காக மட்டும்' என்று கட்டாயம் போடவேண்டும்.

நான் சும்மா இருப்பேனா? ஊர் பேரை மாரிகுப்பம் என்று போட்டேன். 'பழைய தொழிலாளர்களுக்கு முன்னுரிமை' என்று அறிக்கையின் வாலில் இருந்ததைத் தூக்கி முதல் வரியில் வைத்தேன். பத்தி பிரித்து, அசல் பேப்பர் கத்தரித்த மாதிரியே அச்செடுத்தேன். 'பயிற்சிக்காக மட்டும்' என்ற வரி மட்டும் அழகைக் கெடுத்தது. எடுத்துவிட்டேன். வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது அண்ணன் இல்லை, பங்காருபேட்டை போயிருந்தார். அண்ணியிடம் தாளைக் கொடுத்து, "படிச்சுட்டுப் புரியாத எடத்துல கோடு போடச் சொல்லுங்க அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். முக்கியமானதைச் சொல்ல மறந்தேன். திங்கட்கிழமை வகுப்பு இல்லை. செவ்வாய்க்கிழமை ரயிலில் அண்ணன் இல்லை.

அன்று சாயங்காலம் தாளை வாங்கப் போனேன். வாசலில் அவருடைய பழைய சுரங்க ஹெல்மெட் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் எண்ணெய் போட்ட பூட்ஸ்.

"உங்க அண்ணன் நேத்தே வாட்ச்மேன் வேலைய விட்டுட்டாருப்பா" என்றார் அண்ணி. "இனிமே இருட்டுல ரயிலுக்கு ஓட வேணாம்."

"வாப்பா ரிப்போர்ட்டரு!" அண்ணன் உள்ளிருந்து வந்தார். "இன்னா, மொதல்ல எங்கிட்ட சொல்றதில்ல? வைண்டர் ஓட்டத் தெரிஞ்சவன் இங்க எத்தினி பேரு உசுரோட கீறான், சொல்லு!"

'சொல்லிடு, சொல்லிடு' என்றது மனசு. "ஹெல்மெட் பளபளன்னு இருக்குண்ணே" என்றது வாய். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். ஓரமாகப் போன கோழியைக் காட்டி, நல்ல வளர்த்தி என்று பாராட்டினேன். அது அவர்கள் கோழியே இல்லையாம். அண்ணி ஒரு தட்டில் கேசரி கொண்டுவந்தார், நல்ல சேதிக்காகக் கிண்டியது. சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டபோது தட்டை நீட்டினேன் பாருங்கள், அந்தக் கையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

புதன்கிழமை காலை அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனி இல்லை, சுரங்கம் திறக்கவில்லை, நான் எழுதிய பயிற்சி என்று. அண்ணன் என் முகத்தையே பார்த்தார். நான் சிரித்து, விளையாட்டு என்று சொல்வேன் என எதிர்பார்த்தார் போல. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே போய் அபார்ட்மென்ட் செக்ரட்டரிக்குப் போன் போட்டார். கன்னடத்தில் இரண்டே நிமிடம். திரும்பி வந்து, "காலையிலதான் வேற ஆள் போட்டாங்களாம்பா. நேத்து சாயங்காலம் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்றாரு" என்றார். என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. செக்ரட்டரி சொன்னதை அப்படியே சொன்னார். நேற்று சாயங்காலம் நான் அதே வீட்டில் கேசரி தின்றுகொண்டிருந்தேன்.

அண்ணி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "கேஜ் எறங்கற ஷாஃப்டு பூரா தண்ணி நிக்குதே, அத எப்பிடி எறைப்பாங்கன்னு ஒண்ணுதான் எனக்கு ஒதைச்சுது. அடுத்த பேப்பர்ல போடுவாங்கன்னு விட்டுட்டேன்."

பேராசிரியையும் நானும் கேட்காத கேள்வி அது. கேட்டிருந்தால் என் செய்தி முதல் வரியிலேயே படுத்திருக்கும். அவருக்குத் தோன்றியிருக்கிறது. நம்ப ஆசைப்பட்டு ஒதுக்கி வைத்திருக்கிறார்.

நான்கு மாதம் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்த இடமெல்லாம் ஏறி இறங்கினேன். ஐம்பத்தாறு வயது ஆள் என்றதும் எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் அவரே பெங்களூரில் ஒரு குடோனில், அங்கேயே தங்கும் வேலையாகத் தேடிக்கொண்டார். முன்பு தினமும் சாயங்காலம் வீடு வந்தவர், இப்போது வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். ரயிலில் எப்போதாவது பார்த்தால் நகர்ந்து இடம் கொடுக்கிறார். ரிப்போர்ட்டர் என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

அந்த வாரம் வகுப்பில் எல்லோருடைய தாளிலும் ஏழெட்டுக் கோடுகள். என்னுடையதில் ஒன்றுகூட இல்லை. 'பயிற்சிக்காக மட்டும்' இல்லாததைக் கவனிக்காமல் அதைத் தூக்கிக் காட்டிப் பாராட்டிய பேராசிரியையிடம், பிறகு தனியாக நடந்ததைச் சொன்னேன். அதற்குள் அவர் பயிற்சிக்கு முழு மதிப்பெண்ணைப் போட்டுவிட்டிருந்தார்.

இன்று ஒரு சிறிய பத்திரிகையில் தொழில் செய்திகள் எழுதுகிறேன். புரியும்படி எழுதுவதைப் பல்கலைக்கழகத்தில் கற்றேன், படிக்கிறவர் அதை நம்பி வேலையைக்கூட விட்டுவிடுவார் என்பதை அந்த வாசலில்தான் கற்றேன்.