ஜாவாவும் ஜோகுபாளையமும்

ஜப்பான் சரணடைந்த மறு வருஷம், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு மதராஸ் மெயில் என்னைப் பெங்களூர் கன்டோன்மென்டில் இறக்கிவிட்டது. அந்தக் குளிர் இப்போது எங்கே போயிற்றோ! பேசினால் வாயிலிருந்து புகை வந்தது.

ஜோகுபாளையத்துக்கு ஜட்கா எட்டணா. சுமார் மூன்று மைல். தங்கை ரெஜினாவைப் பார்ப்பது ஒரு காரணம். அங்குள்ள வாலிபர் சங்கத்தார் என்னைச் சொற்போருக்கு அழைத்திருந்தது இன்னொரு காரணம். பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கு நாக்குதான் சொத்து. அந்தக் கர்வமும் கொஞ்சம் உண்டு.

"வெள்ளைக்கார சோல்ஜருங்கள்ளாம் கப்பலேறிட்டே இருக்காங்க சாப். நம்ம ஆளுங்கதான் இன்னும் ஜாவால சண்டை போடுறாங்க. டச்சுக்காரனுக்கு ராஜ்யம் புடிச்சுக் குடுக்க நம்ம பசங்களா?" என்றார் வண்டிக்காரர்.

ரெஜினாவின் புருஷன் சவரிமுத்துவும் அங்கேதான், பாலம் கட்டும் படையில் இருந்தார். எட்டு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, அவள் முற்றத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். ஏரிப்பக்கமிருந்து பனி இன்னும் விலகவில்லை. அந்தக் கொட்டைகளை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கியெடுத்து, மத்தியானம் பிதுக்கம்பருப்புக் குழம்பு. அந்த ருசிக்காகவே இன்னொரு முறை அந்த வயதுக்குத் திரும்பலாம்.

"போர் முடிஞ்சுதுன்னு மணியடிச்சாங்க, மிட்டாய் குடுத்தாங்க. இவருக்கு மட்டும் ஏண்ணா முடியல?" என்று கேட்டாள். லெட்டர் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

மாலை ஐந்து மணிக்கு மாதாகோவிலை ஒட்டிய கூடத்தில் கூட்டம். 'ஜாவாவிலிருந்து நம் சிப்பாய்களை உடனே திருப்பி அழைக்க வேண்டும்' என்பது தீர்மானம். யாருக்கும் மனஸ்தாபம் வரக்கூடாதென்று, எந்தக் கட்சி பேசுவதென்பதைத் தொப்பியில் சீட்டுப் போட்டு எடுப்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். என் சீட்டில் 'எதிர்ப்பு' என்றிருந்தது. மாற்றிக் கேட்டிருக்கலாம். எந்தப் பக்கம் வந்தாலும் ஜெயிப்பேன் என்ற திமிர் விடவில்லை.

எடுத்தவுடன் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். ஜப்பான்காரன் அடைத்துவைத்த முகாம்களில் இன்னும் தவிக்கும் டச்சுப் பெண்களையும் குழந்தைகளையும் யார் காப்பது என்று கேட்டேன். கைதட்டல் கேட்டதும் சூடு பிடித்துவிட்டது. "பாலம் கட்டப் போனவன் பாதியில் எழுந்து வரலாமா?" என்றேன். கூடம் அதிர்ந்தது. என்னோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதும் நான் நிறுத்தவில்லை.

திருப்பி அழைக்க வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் காரியதரிசி. ரெஜினாவின் கையும் மேலே போயிற்று.

"தப்பா நெனைக்காதீங்கம்மா, மெம்பருங்க மட்டும்தான்" என்றார் அவர்.

அவள் கையை இறக்கவில்லை. காரியதரிசி அவளை விட்டுவிட்டு எண்ணினார். பத்தொன்பது. எனக்கு முப்பத்தொன்று. எழுந்து நின்று கும்பிட்டேன், வெட்கமில்லாமல்.

வீட்டுக்கு நடந்தபோது அவள் எனக்குப் பத்தடி முன்னாலேயே போனாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை ஏழு மணி. காபியை வைத்துவிட்டு, காகிதமும் பேனாவும் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தாள். நான் வரும்போதெல்லாம் சவரிமுத்துவுக்கு என் கையால்தான் கடிதம்.

"எழுதுண்ணா. இங்க கூட்டம் போட்டாங்க. உங்களையெல்லாம் உடனே கூப்பிடணும்னு ஊரே கை தூக்குச்சு."

பேனா நகரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதினேன்.

"கீழ உன் கையெழுத்தும் போடு. நீ சொன்னா அவரு நம்புவாரு."

போட்டேன். அதை ஸ்டேஷன் தபால்பெட்டியில் நானே சேர்த்துவிட்டு ரயிலேறினேன். அவர் திரும்பி வர இன்னும் பத்து மாதம் ஆயிற்று.

ஜோலார்பேட்டை தாண்டியதும் வெயில் உறைத்தது. சால்வையை மடித்து வைத்தேன். மதராஸில் சக வாத்தியார்கள் சூழ்ந்துகொண்டு, "சொற்போர் என்னாச்சு சார்?" என்று கேட்டார்கள்.

தோற்றுவிட்டேன் என்றேன்.